இலைக்குப் போட்டவர் துரோகியா?

 

தேர்தல் முடிவு வெளியான மறுநாள் லாங் பஜாரில் ஒரு விசாரணை தொடங்கிவிடும். மண்டி வாசலில், டீக்கடை பெஞ்சில், அஸர் தொழுகை முடிந்து செருப்பைத் தேடும் இடத்தில் எல்லாம் ஒரே பேச்சுத்தான். "நம்ம ஆளுங்களே இலைக்குப் போட்டுட்டாங்க!" பேச்சு அதோடு நிற்பதில்லை. காசுக்கு விலைபோனவன், துரோகி என்று தொடங்கி 'முனாஃபிக்' வரை போய்விடுகிறது. ஒரு சகோதரனின் ஈமானை அளக்க வாக்குப்பெட்டியை யார் தராசாக்கியது? உள்ளங்களை அறிந்தவன் அல்லாஹ் ஒருவன் என்று வெள்ளிதோறும் கேட்கும் நாம், தேர்தல் வந்தால் மட்டும் அதை மறந்துவிடலாமா?

சமுதாயத்தின் பெரும்பகுதி தி.மு.க. அணியின் பக்கம் நிற்கிறது. 1967ல் அண்ணாவும் கண்ணியமிகு காயிதே மில்லத்தும் கைகோத்த காலத்திலிருந்து வளர்ந்த பாசம் அது. ஆனாலும் ஒவ்வொரு தேர்தலிலும் நம்மில் ஒரு பகுதியினர் இரட்டை இலைக்கு வாக்களிக்கிறார்கள். ஏன்? இந்தக் கேள்வியை ஏசுவதற்காகக் கேட்டவர் பலர். தெரிந்துகொள்வதற்காகக் கேட்டவர் மிகச் சிலர். இந்த இதழில் தெரிந்துகொள்வதற்காகக் கேட்போம்.

எண்கள் சொல்லும் பாடம்

நம் பகுதியின் தேர்தல் வரலாற்றைச் சற்றுத் திருப்பிப் பாருங்கள். 2009ல் வேலூர் நாடாளுமன்றத் தொகுதியில் முஸ்லிம் லீக்கின் அப்துல் ரஹ்மான் தி.மு.க. அணியில் நின்று வென்றார். 2011ல் ஆம்பூரில் மனிதநேய மக்கள் கட்சியின் அஸ்லம் பாஷா அ.தி.மு.க. அணியில் நின்று வென்றார். அதே ஆண்டு வாணியம்பாடியும் அ.தி.மு.க. வசம் போனது. 2014ல் அதே அப்துல் ரஹ்மான் வேலூரில் மூன்றாம் இடத்துக்குத் தள்ளப்பட்டார். 2016ல் வாணியம்பாடியில் முஸ்லிம் லீக் வேட்பாளரை அ.தி.மு.க.வின் நிலோபர் கபீல் தோற்கடித்துத் தொழிலாளர் நலத்துறை அமைச்சரானார்.

அடுத்து 2019. ஆகஸ்ட் 5ஆம் தேதி வேலூரில் வாக்குப்பதிவு. அதே நாளில்தான் டெல்லியில் காஷ்மீரின் 370ஆவது பிரிவு பறிக்கப்பட்டது. அதற்குச் சில நாட்களுக்கு முன்பு, முத்தலாக் மசோதாவை மக்களவையில் அ.தி.மு.க. உறுப்பினர் ஆதரித்துப் பேசியிருந்தார். முடிவு என்ன? தி.மு.க. 8,141 வாக்குகளில் வென்றது. வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் சட்டமன்றப் பகுதிகளில் கிடைத்த முன்னிலைதான் கரை சேர்த்தது. ஆனால் இரண்டே ஆண்டுகளில், 2021ல், அதே வாணியம்பாடியில் முஸ்லிம் லீக் வேட்பாளர் 5 ஆயிரத்துக்கும் குறைவான வாக்குகளில் அ.தி.மு.க.விடம் தோற்றார். மஜ்லிஸ் கட்சி பிரித்ததால்தான் தோல்வி என்றார்கள். அது வாங்கிய வாக்குகள் அந்த வித்தியாசத்துக்கு அருகில்கூட வரவில்லை. ஆலங்காயம் பக்கத்துக் கிராமங்களையும் உள்ளடக்கிய தொகுதி அது. பிற சமுதாயத்தவரின் வாக்குகளுக்கும் அந்தத் தோல்வியில் பங்குண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் நம் தெருக்களிலிருந்தும் இலைக்கு வாக்கு போயிருக்கிறது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

2024ல் பா.ஜ.க. சின்னத்திலேயே ஒருவர் வேலூரில் நின்றபோது, தி.மு.க. 2 லட்சத்துக்கும் அதிகமான வித்தியாசத்தில் வென்றது.

இவற்றையெல்லாம் சேர்த்து வைத்துப் பார்த்தால் என்ன தெரிகிறது? நம் மக்கள் ஆட்டு மந்தையும் அல்லர், விலைச்சரக்கும் அல்லர். ஆபத்து வாசலில் நிற்கும்போது ஒன்று சேர்கிறார்கள். வாசலில் இல்லாதபோது வேறு கணக்குப் பார்க்கிறார்கள். அந்த வேறு கணக்கு எது என்பதுதான் நமக்குத் தெரிய வேண்டியது.

இங்கிலாந்திலும் இதே கேள்வி

இது நம் ஊருக்கு மட்டும் வந்த நோய் என்று எண்ண வேண்டாம். இங்கிலாந்தில் தொழிலாளிக்கென்றே தொழிற்சங்கங்கள் 1900ல் ஒரு கட்சியை உருவாக்கின. அதுதான் லேபர் கட்சி. ஆனால் பல பத்தாண்டுகளாக அங்கே தொழிலாளர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர், முதலாளிகளின் கட்சி எனப்படும் கன்சர்வேடிவ் கட்சிக்கே வாக்களித்து வந்தனர். அறிஞர்கள் புத்தகம் புத்தகமாக எழுதிப் பார்த்தார்கள். அறியாமை என்றனர் சிலர். அடிமைப் புத்தி என்றனர் சிலர். ஆனால் அந்தத் தொழிலாளிக்கு அவனுடைய காரணங்கள் இருந்தன. 1980ல் தாட்சர் அரசு, நகராட்சி வீடுகளில் வாடகைக்கு இருந்தவர்கள் அவற்றைக் குறைந்த விலைக்கு வாங்கிக்கொள்ளச் சட்டம் கொண்டுவந்தது. வாழ்நாளெல்லாம் வாடகை கொடுத்தவனுக்குச் சொந்த வீடு! கொள்கை பேசிய கட்சியை விட வீட்டுச் சாவி கொடுத்த கட்சி அவனுக்கு நெருக்கமாகத் தெரிந்தது. 2019ல் வட, நடு இங்கிலாந்தின் பழைய சுரங்கத் தொழிலாளர் தொகுதிகளும் கைமாறின. 1950ல் உருவான நாள் முதல் லேபரையே தேர்ந்தெடுத்த போல்சோவர் அவற்றில் ஒன்று.

அங்குள்ள முஸ்லிம்களும் லேபரின் நிரந்தரச் சொத்தாகவே கருதப்பட்டனர். 2003ல் ஈராக் மீது போர். 2005ல் கிழக்கு லண்டனில் அதற்குப் பதில் கிடைத்தது. காஸாவின் கண்ணீருக்குப் பின் 2024 ஜூலையில் நடந்த தேர்தலில் லெஸ்டர் தெற்கு, பிளாக்பர்ன், டியூஸ்பரி, பர்மிங்காம் பெரி பார் ஆகிய தொகுதிகளில் முஸ்லிம் சுயேச்சைகள் லேபரை வீழ்த்தினர். நாடெங்கும் லேபர் அலை வீசிய தேர்தல் அது! அதே லெஸ்டரின் கிழக்குத் தொகுதியில், குஜராத்தி இந்துக்கள் அதிகம் வாழும் பகுதியில், கன்சர்வேடிவ் வென்றது. அந்தக் கட்சி அன்று லேபரிடமிருந்து பறித்த ஒரே தொகுதி அதுதான். முன்பு லேபரில் இருந்த இருவர் தனித்தனியே நின்று வாக்கைப் பிரித்ததும் அதற்கு ஒரு காரணம். ஆனால் 2019ல் காஷ்மீர் குறித்து லேபர் மாநாடு தீர்மானம் போட்ட நாளிலிருந்தே அந்த மக்களில் பலர் விலகத் தொடங்கியிருந்தார்கள்.

ஒரு ஊர், இரண்டு தொகுதி, இரண்டு கோபம். ஆனால் இரண்டு கோபமும் "இவர்கள் எங்கே போய்விடுவார்கள்?" என்று நினைத்த ஒரே கட்சியின் மீதுதான். இதில் நமக்குப் பாடம் இல்லையா?

இலைக்குப் போனவர் சொல்லும் காரணங்கள்

முதலாவது, அடுப்படி. 2011க்குப் பின் வந்த 20 கிலோ விலையில்லா அரிசி, மிக்சி, கிரைண்டர், மகளின் திருமணத்துக்குத் தங்கம், பிள்ளைக்கு லேப்டாப். ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் உட்கார்ந்து வாரச் சம்பளத்தில் குடும்பம் நடத்தும் நம் சகோதரிக்கு இவை இலவசமாகத் தெரியவில்லை, கைத்தாங்கலாகத் தெரிந்தன. நோன்புக் கஞ்சிக்குப் பள்ளிவாசல்களுக்கு அரிசி வந்ததும், எம்.ஜி.ஆர். காலத்தில் உலமாக்களுக்கு ஓய்வூதியம் வந்ததும் பெரியவர்களின் நினைவில் இருக்கின்றன. தி.மு.க. ஆட்சி 2023 செப்டம்பரில் மகளிருக்கு மாதம் ஆயிரம் ரூபாய் கொடுக்கத் தொடங்கியபோது பல வீடுகளில் கணக்கு மாறியது. இதுவும் அதே பாடம்தான். அடுப்படியை மதித்தவருக்கு அடுப்படி வாக்களிக்கும்.

இரண்டாவது, தொழில். 2011 தேர்தலுக்கு முந்தைய மின்வெட்டு நாட்களை டேனரிக்காரர்கள் மறக்கவில்லை. கரண்ட் இல்லாத நேரத்துக்கு டீசல். டீசலுக்கு மேல் வட்டி. அந்த ஆண்டு ஆம்பூரும் வாணியம்பாடியும் ஒருசேர மாறியதில் அந்த இருட்டுக்கும் பங்குண்டு.

மூன்றாவது, மொழி. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு முஸ்லிம்களில் பெருந்தொகையினரின் வீட்டுமொழி உருது. 2006ல் தி.மு.க. ஆட்சி கொண்டுவந்த தமிழ் கற்றல் சட்டம் ஆண்டுக்கொரு வகுப்பாக ஏறி, 2015-16ல் பத்தாம் வகுப்பை எட்டியது. தமிழ் படிப்பதை யாரும் எதிர்க்கவில்லை. தமிழ் நம் மண்ணின் மொழி. ஆனால் போதிய ஆசிரியர் இல்லாத பள்ளிப் பிள்ளைகள், அதுவரை உருது எழுதிய முதல்தாளில் தமிழ் எழுத வேண்டும் என்றபோது பெற்றோர் பதறினார்கள். உயர்நீதிமன்றப் படியேறித்தான் விலக்குப் பெற முடிந்தது. அந்தச் சட்டத்தை அமல்படுத்திய அ.தி.மு.க. ஆட்சியும் அதைத் திருத்தவில்லை என்பதும் உண்மை. ஆனால் காயம் யார் பெயரில் பதிந்ததோ அவர் பெயரில்தான் நிற்கும்.

நான்காவது, பழைய கணக்கு. 1997 நவம்பர் இறுதியில் கோவையில் நம் சகோதரர்கள் 18 பேர் கொல்லப்பட்டபோது ஆட்சியில் இருந்தது யார்? 1999ல் வாஜ்பாய் அரசை ஒரே வாக்கில் கவிழ்த்தது யார்? அதன்பின் 2003 டிசம்பர் வரை அந்த அணியில் அமர்ந்திருந்தது யார்? 2001ல் தி.மு.க. பா.ஜ.க.வோடு நின்றது, அ.தி.மு.க.வோடு காங்கிரஸும் இடதுசாரிகளும் நின்றார்கள். அன்று இரட்டை இலைக்கு வாக்களித்த முஸ்லிம் துரோகியா? அன்று அவன் துரோகி இல்லை என்றால், 'துரோகி' என்பது ஒரு சின்னத்தோடு ஒட்டிய பெயர் அல்ல என்றாகிறது.

சொல்லப்படாத ஐந்தாவது காரணம்

இனிச் சொல்வது சிலருக்குக் கசக்கும். ஆனாலும் சொல்லியாக வேண்டும்.

நம் ஊர்களில் ஜமாஅத் நிர்வாகத்தில் இருப்பவர் பல இடங்களில் தொழிற்சாலை முதலாளியாகவும் இருக்கிறார். பள்ளி, மதரஸா, மருத்துவ உதவி என்று அவர்கள் செய்த கொடைகள் கொஞ்சமல்ல. அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி வழங்குவானாக! ஆனால் தொழிலாளியின் இடத்திலிருந்து பாருங்கள். பீஸ் ரேட்டைக் குறைப்பவரும் அவரே. ஆர்டர் இல்லை, அடுத்த வாரம் வா என்பவரும் அவரே. தேர்தலுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை, "ஜமாஅத் முடிவு இதுதான், எல்லோரும் இதற்கே போடுங்கள்" என்பவரும் அவரே. அந்த முடிவு எடுத்த கூட்டத்துக்குத் தொழிலாளியை அழைத்தார்களா? பெண்களின் கருத்தைக் கேட்டார்களா? கேட்காத முடிவுக்குக் கட்டுப்படு என்றால், ஆண்டு முழுவதும் தலையாட்டும் மனிதன், யாரும் பார்க்காத அந்த மறைப்புக்குள் ஒரே ஒரு முறை தலையாட்ட மறுக்கிறான். அவன் அழுத்திய பொத்தான் ஒரு கட்சிக்கு ஆதரவு என்பதை விட, நமக்கு எதிரான ஒரு மனு! ஷூரா என்னும் கலந்தாலோசனை மேடைப் பேச்சில் மட்டும் இருந்தால் மனுக்கள் இப்படித்தான் வந்து சேரும்.

ஆனாலும் கேளுங்கள்!

காரணம் இருக்கிறது என்பதாலேயே முடிவு சரியாகிவிடாது. இலைக்கு வாக்களிக்கும் சகோதரனிடமும் சில கேள்விகள் கேட்க வேண்டும்.

1992 நவம்பரில் தேசிய ஒருமைப்பாட்டுக் கவுன்சிலில் கரசேவைக்கு ஆதரவாகப் பேசியவர் யார்? 2002ல் மதமாற்றத் தடைச் சட்டம் கொண்டுவந்தவர் யார்? 2019 டிசம்பர் 11 இரவு குடியுரிமைத் திருத்த மசோதா மாநிலங்களவையில் 125க்கு 105 என்று நிறைவேறியது. அ.தி.மு.க.வின் 11 வாக்குகளும் எதிர்ப்பக்கம் விழுந்திருந்தால் அது 114க்கு 116 என்று தோற்றிருக்கும். 2023 செப்டம்பரில் பா.ஜ.க.வை விட்டு விலகியவர்கள், வக்ஃப் திருத்தச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய அதே 2025 ஏப்ரலில் மீண்டும் போய்ச் சேர்ந்தார்கள். மிக்சியும் கிரைண்டரும் பழுதாகிவிடும். குடியுரிமையும் வக்ஃப் நிலமும் போனால் திரும்பி வருமா? வாக்கு ஒரு சாட்சியம் என்று உலமாக்கள் சொல்வதன் பொருளை அந்தச் சகோதரன் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இதை அவன் காதில் ஏற்றுவது எப்படி? துரோகி என்று அழைத்துவிட்டு அறிவுரை சொன்னால் யார் காது கொடுப்பார்?

நாம் செய்ய வேண்டியவை

முதலில், மிம்பரைக் கட்சி மேடையாக்குவதை நிறுத்துவோம். நீதி, அமானிதம், அநியாயத்தைத் தடுத்தல் பற்றி மிம்பர் பேசட்டும். சின்னத்தின் பெயரை அமைப்புகள் வெளியே பேசட்டும்.

இரண்டாவதாக, தேர்தலுக்கு ஆறு மாதம் முன்பே மஹல்லா வாரியாகக் கூடுவோம். ஷூ கம்பெனித் தொழிலாளி, பீடி சுற்றும் தாய், ஆட்டோ ஓட்டும் இளைஞன், மாணவி எல்லோரும் பேசட்டும். நிர்வாகிகள் அன்று கேட்க மட்டும் செய்யட்டும்.

மூன்றாவதாக, அங்கே வந்த கோரிக்கைகளை எழுத்தில் வைப்போம். உருதுப் பள்ளிகளுக்கு ஆசிரியர். தொழிலாளிக்குக் குறைந்தபட்சக் கூலி, பி.எஃப்., இ.எஸ்.ஐ. உச்ச நீதிமன்றம் 1996லும் 2025 ஜனவரியிலும் தீர்ப்பளித்த பாலாற்று மாசுக்கு, தொழிலும் அழியாமல் ஆறும் அழியாமல் ஒரு தீர்வு. 2021 அரசாணையிலும் விலக்கி வைக்கப்பட்ட முஸ்லிம் சிறைவாசிகளின் விடுதலை. கோட்டைப் பள்ளிவாசலில் தொழுகை. 2007ல் கிடைத்த 3.5 சதவீத ஒதுக்கீட்டை உயர்த்துதல். ஒவ்வொன்றுக்கும் தேதி கேட்போம். நாம் ஆதரிக்கும் கட்சியிடம் முதலில் கேட்போம். உறவுக்காரனிடம் உரிமையோடு கேட்பதில் என்ன கூச்சம்? எதிரணியிடமும் அதே தாளை நீட்டுவோம். பதில் சொல்லாதவர் யார் என்று மக்கள் தாமே பார்த்துக்கொள்வார்கள்.

சகோதரர்களே! பா.ஜ.க. அணியை வீழ்த்த நம் வாக்கு ஒன்றுபட வேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் மிரட்டிச் சேர்த்த ஒற்றுமை வாக்குச்சாவடி மறைப்புக்குள் உடைந்துபோகும் என்பதை வாணியம்பாடி நமக்குக் காட்டிவிட்டது. உங்கள் பக்கத்து வீட்டில் இலைக்குப் போட்டவர் ஒருவர் இருப்பார். இந்த வாரம் அவர் வீட்டுக் கதவைத் தட்டி ஸலாம் சொல்லுங்கள். ஏன் போட்டாய் என்று அதட்டாமல், உனக்கு என்ன குறை என்று கேளுங்கள். அவர் சொல்வதை எழுதிக்கொண்டு வாருங்கள். நம் அடுத்த கோரிக்கைத் தாளின் முதல் வரி அதுவாக இருக்கட்டும், இன்ஷா அல்லாஹ்.