விண்ணேறிய விஷக்கிருமி

விண்வெளிக்குச் செல்லும் வீரனை நாம் நன்கறிவோம். அவன் பெயரையும் ஊரையும் பத்திரிகைகள் படத்தோடு வெளியிடுகின்றன. அவனது குடலிலும் தோலிலும் குடியிருந்து, கட்டணமின்றி உடன் செல்லும் கோடானுகோடி நுண்ணுயிர்களைப் பற்றிப் பேசுவோர் அரியர். பேசவேண்டிய காலம் வந்துவிட்டதென்பதே எமது கருத்து.

2006ஆம் ஆண்டு செப்டெம்பரில் அட்லாண்டிஸ் விண்ணோடத்தில் சல்மனெல்லாக் கிருமி அடைத்த குழாய்கள் சில அனுப்பப்பட்டன. உணவை நஞ்சாக்கி வயிற்றோட்டத்தை விளைவிக்கும் அதே கிருமிதான். அமெரிக்காவின் அரிசோனா அரச சர்வகலாசாலையைச் சேர்ந்த செரில் நிக்கர்சன் என்னும் பெண்மணியும் அவர்தம் குழுவினரும் நடத்திய பரிசோதனை அது. அவ்வேளையிலேயே, அதே விதமான குழாய்களில், பூமியிலும் அக்கிருமி வளர்க்கப்பட்டது. ஓடம் திரும்பியதும் இரண்டையும் சுண்டெலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தனர். விண்ணில் வளர்ந்த கிருமியை உட்கொண்ட எலிகள் விரைந்து மடிந்தன. எலிகளிற் பாதியைக் கொல்லத் தேவையான கிருமியின் அளவும் மூன்றிலொரு பங்கிற்குச் சற்று மேலாகக் குறைந்துபோயிருந்தது. 167 மரபணுக்களின் செயற்பாடு மாறியிருக்கக் கண்டனர்.

பூமி எது, விண் எது என்று கிருமிக்கு எப்படித் தெரியும்? எடையற்ற நிலையில் திரவம் அதிகம் கலங்குவதில்லை. கிருமியின் மேனியை உராய்ந்து செல்லும் ஓட்டம் மிக மெல்லியதாகிவிடுகிறது. நமது குடலின் நுண்ணிய இடுக்குகளிலும் அத்தகைய அமைதியே நிலவுகிறது. ஆகவே, குழாயில் மிதந்த கிருமி தான் ஒரு குடலுக்குள் புகுந்துவிட்டதாகவே எண்ணி ஆயுதந் தீட்டிக்கொண்டது என்பது ஆராய்ச்சியாளர் தரும் விளக்கத்தின் சாரம். (எண்ணியது என்று எழுதுவது எமது வசதிக்காகவே, கிருமிக்கு மனமுண்டென்று யாம் சாதிப்பதாக வாசகர் கொள்ளவேண்டாம்.)

இதைக் கேட்டதும் விண்ணிலிருந்து கொள்ளைநோய் இறங்குமென அலறுவோரும் உளர். அது வீண் கூச்சல். கிருமி புதிய இனமாகிவிடவில்லை. 2008 மார்ச்சில் எண்டெவர் ஓடத்தில் மீண்டும் பரிசோதித்தபோது, வளர்ப்புத் திரவத்திற் சில உப்புக்களைச் சேர்த்தவுடன் அந்த வீரியம் தோன்றாது போயிற்று. அவற்றுட் பொசுபேற்று முக்கியமானதென்றும் கண்டனர்.

ஆயினும், அலட்சியம் கூச்சலினுந் தீது. 1970இல் அப்பலோ 13 கலத்திற் சென்ற பிரெட் ஹெய்ஸ் சிறுநீர்த் தொற்றினாற் காய்ச்சலுற்று வருந்தினார். அது ஆறு நாட் பயணமே. செவ்வாயை அடையவோ ஆறேழு மாதங்கள் வேண்டும். விண்வெளியில் உடலின் நோயெதிர்ப்புத் தளர்கின்றதென்பதும் கண்டறியப்பட்ட உண்மை. காவலன் சோர்கிறான், கள்வனோ கூர்மையடைகிறான். அன்று எலிகளுக்குக் கிருமியைக் கொடுத்தது பூமியிலேதான். காவலனும் கள்வனும் விண்ணிலேயே எதிர்ப்படின் என்ன நேருமென்பதை அப்பரிசோதனை சொல்லவில்லை. இராக்கெட்டின் வேகத்தையும் எரிபொருளையும் கணக்கிடுவோர், இதற்கு விடை தேடாமல் செவ்வாய்க்கு ஆட்களை ஏற்றி அனுப்புவது நியாயமாகாது.