குத்தின பிறகு விட முடியாது!



பைக் என்றதும் மோட்டார் பைக் என்று நினைத்துவிடாதீர்கள். நான் சொல்லும் பைக் ஒரு மீன். குளிர் நாடுகளின் ஏரிகளில் வாழ்வது. நீண்ட உடம்பு, வாத்து அலகு மாதிரி தட்டையான வாய், வாய் நிறைய ஊசிப் பற்கள். மற்ற மீன்களைத் தின்று வாழும். தன் இனத்துக் குஞ்சைக்கூட விடாது!

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் குளிர்காலத்தில் ஏரிகள் உறைந்து தரை மாதிரி ஆகிவிடும். அதன் மேல் நடக்கவே ஐஸ் குறைந்தது 4 அங்குலம் இருக்க வேண்டும் என்று அந்த மாநில இயற்கை வளத் துறை சொல்கிறது. அந்த ஐஸ் மேல் ஜன்னல் இல்லாத சின்னக் குடிசை ஒன்றை வைத்து, உள்ளே பெரிய ஓட்டை வெட்டுவார்கள். குடிசைக்குள் கும்மிருட்டு. ஆனால் வெளியே இருக்கும் ஐஸ் வழியாக வெளிச்சம் தண்ணீருக்குள் இறங்குவதால், ஓட்டை டி.வி. மாதிரி பளிச்சென்று தெரியும். மரத்தில் செதுக்கிய பொம்மை மீனை நூலில் கட்டி ஆட்டிக்கொண்டே மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இரை என்று நம்பி பைக் வரும். உடனே பல முனை கொண்ட ஈட்டி இறங்கும். அங்குள்ள ஓஜிப்வே பழங்குடி மக்கள் குளிர்கால உணவுக்காக நெடுங்காலமாக இப்படி மீன் பிடித்து வருகிறார்கள்.

இதை நண்பர்களிடம் சொன்னேன். "ஒளிஞ்சிருந்து குத்துறது ஒரு வீரமாடா? தடை பண்ணணும்!" என்றான் ஒருவன். "மீன் குழம்புன்னா மட்டும் ரெண்டு தட்டு சாப்பிடுவியே!" என்றான் இன்னொருவன். என் கருத்து இந்த இரண்டுமே இல்லை.

தூண்டிலில் சிக்கிய மீனைக் கையில் எடுத்துப் பார்க்கலாம், அளக்கலாம், வேண்டாம் என்றால் திரும்ப விடலாம். ஈட்டியில் அது நடக்காது. குத்தின பிறகு "ஐயோ, தெரியாமக் குத்திட்டேன்" என்றால் மீன் பிழைக்குமா? அதனால் ஈட்டிக்காரர் முடிவை முன்னாலேயே எடுக்க வேண்டும். இதுதான் முக்கியம்.

ஏன் அளவு பார்க்க வேண்டும்? மின்னசோட்டாவின் வட மத்தியப் பகுதி ஏரிகளில் குட்டி பைக்குகள் பெருகி, பெரியவை குறைந்துவிட்டன. அதனால் 2018-ல் புது விதி வந்தது. சின்ன மீன்களை நிறையப் பிடிக்கலாம். ஆனால் 22 முதல் 26 அங்குலம் வரை உள்ள மீனைத் தூண்டில்காரர் திரும்ப விட்டுவிட வேண்டும். அவை வளர வேண்டும் அல்லவா! ஈட்டிக்காரருக்கு மட்டும் அந்த அளவில் ஒன்றுக்குச் சலுகை உண்டு. குத்தினால் விட முடியாதே!

சலுகை நியாயம்தான். ஆனால் "சலுகை இருக்கே" என்று கண்ணை மூடிக்கொண்டு குத்துவது நியாயமா? கொக்கு பெரிய மீனுக்காகக் காத்திருக்கும் என்று படித்திருக்கிறோம். இங்கேயோ வளர வேண்டிய மீன் வந்தால் மனிதன் சும்மா இருக்கப் பழக வேண்டும்!

அளவைக் கண்ணால் சொல்வதும் லேசு இல்லை. ஒளிவிலகல் பாடம் நினைவிருக்கிறதா? மேலிருந்து நேராகப் பார்த்தால் தண்ணீரின் ஆழம் முக்கால் பங்குதான் தெரியும். கிட்டே இருப்பதாகத் தெரிவதால் மீன் பெரிசாகவும் தோன்றும். இதற்கு ஒரு நல்ல வழி உண்டு. பொம்மை மீனின் நீளம் நமக்குத் தெரியும். பைக் அதன் பக்கத்தில் வரும்போது ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஏமாற்றத் தொங்கவிட்ட பொம்மையே அளவுகோலும் ஆகிறது!

ஆகவே தடை வேண்டாம் என்பது என் கருத்து. பிடித்ததைச் சாப்பிட வேண்டும், வீணாக்கக் கூடாது. அளவில் சந்தேகம் வந்தால் ஈட்டியைக் கீழே வைத்துவிட வேண்டும். பிப்ரவரி கடைசியில் அங்கே ஈட்டிப் பருவம் முடிகிறது. ஐஸ் உருகியதும் பைக் முட்டையிடும். அன்று குத்தாமல் விட்ட மீனும் அதில் ஒன்றாக இருக்கலாம்.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? மறுப்பு இருந்தால் அடுத்த இதழுக்கு எழுதிக் கொடுங்கள், சண்டை போடலாம்!

– ஒன்பதாம் வகுப்பு, 'ஆ' பிரிவு