உம்மாவும் பிள்ளைகளும் வரிக் கணக்கில் எங்கே?

புறக்கோட்டையில் துணிக்கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் போன மாதம் தன் கணக்குப் புத்தகத்தை என் முன் விரித்தார். வாடகை, மின்சாரம், கூலி என்று போன வரிசையில் மகளின் பாடசாலைக் கட்டணமும் உம்மாவின் கண் ஒப்பரேஷன் செலவும் இருந்தன. "எல்லாம் கடைக் காசுதானே நானா, வேறு எங்கே எழுதுவது?" என்றார்.

கேள்வி நியாயமானதுதான். ஆனால் வீட்டுச் செலவு வியாபாரச் செலவாகாது என்று 2017ஆம் ஆண்டின் உள்நாட்டு இறைவரிச் சட்டம் சொல்கிறது. அதிகாரி கண்டால் அந்தத் தொகையை இலாபத்தோடு திரும்பச் சேர்ப்பார். தண்டமும் வட்டியும் பின்னால் வரும். சரி, நம்மில் தங்கி வாழ்வோர் என்று தனியாகக் காட்டிக் கழிக்கலாமா என்றால், நம் சட்டத்தில் அதற்கு இடமே இல்லை.

2025 ஏப்ரல் முதல் ஆளுக்கு வருடம் 18 இலட்சம் ரூபா நிவாரணம். அதற்கு மேல் முதல் 10 இலட்சத்துக்கு 6 வீதம், அடுத்த 5 இலட்சத்துக்கு 18 வீதம் என்று ஏறி 36 வீதத்தில் போய் நிற்கிறது. வருடம் 30 இலட்சம் இலாபம் காணும் இருவரை எடுங்கள். ஒருவர் தனிக்கட்டை. மற்றவருக்கு நாலு பிள்ளைகள், வயதான உம்மா, கணவனை இழந்து வீட்டோடு வந்துவிட்ட ராத்தா. இருவருக்கும் வரி 96,000 ரூபாதான். இதை நீதி என்று என்னால் சொல்ல முடியவில்லை.

2020 ஜனவரி முதல் 2022 இறுதிவரை ஒரு வழி இருந்தது. மருத்துவம், பிள்ளைகளின் உள்நாட்டுக் கல்வி, வீட்டுக்கடன் வட்டி போன்றவற்றுக்கு வருடம் 12 இலட்சம் வரை கழிக்க விட்டார்கள். 2023 ஜனவரியோடு அது போயிற்று. நாடு வங்குரோத்தாகிக் கிடந்த நேரம், குறை சொல்ல முடியாது. ஆனால் பிறகு தனிநபர் நிவாரணத்தைக் கூட்டியவர்கள் இதைத் தொடவில்லை.

மலேசியாவில் 18 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குத் தலைக்கு 2,000 ரிங்கிட் கழிக்கலாம். பெற்றோரின் மருத்துவச் செலவுக்கும் சலுகை உண்டு. இங்கே உம்மாவைச் சேர்த்தால் நாலு மகன்மாரும் அதே உம்மாவைக் காட்டுவார்களே என்று கேட்கலாம். நம்மவர்கள் காட்டவும் செய்வார்கள்! அமெரிக்காவில் அதற்கும் விதி வைத்திருக்கிறார்கள். செலவில் பாதிக்கு மேல் கொடுப்பவருக்கே உரிமை. தனியாக யாரும் பாதியைத் தாண்டாவிட்டால், பத்து வீதத்துக்கு மேல் கொடுப்பவர்களில் ஒருவருக்கு மற்றவர்கள் எழுத்தில் விட்டுக்கொடுக்க வேண்டும். ஆனாலும் தலையை எண்ணுவதைவிட பில்லைப் பார்ப்பதே நமக்குப் பொருந்தும். சின்னத் தொகையானாலும் கல்விக்கும் மருத்துவத்துக்கும் பழைய நிவாரணத்தைத் திருப்பித் தரட்டும். வர்த்தக சங்கங்கள் வரவுசெலவுத் திட்டத்துக்கு முன் எழுதும் மகஜரில் இதைச் சேர்த்தால் என்ன?

அதுவரை நேரான வழிகள் சிலதான். மகன் உண்மையிலேயே கடையில் நின்றால் நியாயமான சம்பளம் கொடுத்து, ஊழியர் சேமலாப நிதியும் கட்டி, அதைச் செலவாக எழுதலாம். கொழும்பில் படிக்கும் பிள்ளைக்குச் சம்பளம் எழுதுவது அந்த வகையல்ல. வருமானத்தை உறவினர் பேரில் பிரித்துக் காட்டினால் திருத்தும் அதிகாரம் ஆணையாளர் நாயகத்துக்கு உண்டு. மனைவியின் சொந்த வீட்டு வாடகை அவருடைய வருமானம், அவருக்கும் தனியாக 18 இலட்சம் உண்டு.

நண்பர் பாடசாலைக் கட்டணத்தை அன்றே சிவப்புப் பேனையால் வெட்டினார். ஒப்பரேஷன் பில்லை மட்டும் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நவம்பர் 30க்குள் ரிட்டர்ன் போக வேண்டும்.