நிலையறியும் பரீட்சையும் வேதபாடமும்

சிகாகோ நகருக்கு மேற்கே வீட்டன் என்னும் ஊரில், அடிமை முறையை ஒழிக்கப் பாடுபட்ட ஜோனதன் பிளாஞ்சார்டை முதல் தலைவராகக் கொண்டு 1860இல் உருவான கிறிஸ்தவக் கலாசாலையில், ரசாயனம் பயில வருகிறவனும் சரித்திரம் பயில வருகிறவளும் தத்தம் சிறப்புப் பாடத்தோடு பழைய ஏற்பாடு, புதிய ஏற்பாடு, கிறிஸ்தவ சிந்தனை, ஓர் அந்நிய மொழி முதலியவற்றையும் கற்றாக வேண்டும் என்பது நியதி. அந்நிய மொழியில் முன்பே தேர்ச்சியுள்ளவர் பரீட்சை எழுதி அப்பாடத்திலிருந்து விலக்குப் பெறலாம். இதைக் கண்டு, சிறுவயது முதல் ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் வேதம் ஓதி வளர்ந்த பிள்ளைக்கு வேதபாடத்திலும் அத்தகைய விலக்கு ஏன் கூடாது என்று, ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் டாலரைக் கட்டணமாகச் செலுத்தும் பெற்றோர் கேட்பது இயல்பே.

கேள்வி நியாயமாகத்தான் தோன்றுகிறது. ஆனால், அக்கலாசாலையிலேயே புதிய ஏற்பாட்டைப் போதித்த கேரி பர்ஜ் என்னும் பேராசிரியர் 1999இல் ஒரு கிறிஸ்தவப் பத்திரிகையில் வெளியிட்ட செய்தியைப் படித்தவர்கள் அதை அவ்வளவு நிச்சயத்தோடு கேட்கத் துணியமாட்டார்கள். பக்தி மிகுந்த சபைகளில் வளர்ந்து, புதிதாகச் சேர்ந்த மாணாக்கரின் வேத அறிவை அவரது துறையினர் சில ஆண்டுகள் சோதித்தனர். ஆபிரகாம், தீர்க்கதரிசிகள், கிறிஸ்துவின் மரணம், பெந்தெகொஸ்தே ஆகிய நான்கையும் கால வரிசையில் வைக்க மூன்றில் ஒரு பங்கினருக்கு இயலவில்லை. ஈசாக்கின் பிறப்பு, எகிப்தில் மோசே, சவுலின் மரணம், யூதாவின் சிறையிருப்பு என்பவற்றை வரிசைப்படுத்தச் சொன்னபோது பாதிப் பேர் தவறினர். ஈசாக்கின் வம்சம் எகிப்தில் அடிமைப்பட்ட பிறகே மோசே வருகிறான் என்பதும், அதற்கும் வெகுகாலத்துக்குப் பின்னரே சவுல் அரசனானான் என்பதும் வேதத்தை ஒருமுறை தொடர்ந்து வாசித்தவருக்கே விளங்கக்கூடியவை. தாவீதும் கோலியாத்தும், யோனாவும் மீனும் என்று தனித்தனிக் கதைகளாகக் கேட்டுக் கேட்டுப் பழகிய பிள்ளைகள், கேட்டதையே கற்றதாக எண்ணிவிட்டார்கள் என்பது என் அபிப்பிராயம்.

ஆகவே பரீட்சையைக் கடுமையாக்கினால் போதும் என்று சொல்லிவிடவும் முடியாது. புதிய மாணாக்கரை எந்த நிலை வகுப்பில் சேர்ப்பது என்று தீர்மானிக்க, கம்பாஸ் என்ற நிலையறியும் பரீட்சையை அமெரிக்கக் கல்லூரிகள் நெடுங்காலம் நம்பியிருந்தன. சாதாரண வகுப்பிலேயே தேறக்கூடியவர்கள் பலரை அது பட்டத்துக்கு எண்ணப்படாத அடிப்படை வகுப்புகளுக்குத் தள்ளிவிட்டது என்ற குறை வலுத்து, 2016இல் அதை நடத்திய நிறுவனமே கைவிட்டது. மறு ஆண்டு கலிபோர்னியாவில், இரண்டாண்டுக் கல்லூரிகள் ஆங்கிலத்துக்கும் கணிதத்துக்கும் பள்ளி மதிப்பெண்களையே முக்கியமாகக் கொள்ள வேண்டும் என்று சட்டம் பிறந்தது. முதல்நாள் படபடப்பில் எழுதிய ஒரு மணி நேரத் தாளைவிட நான்கு ஆண்டுப் பள்ளிப் படிப்பு நம்பத்தக்க சாட்சி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

வேதபாடத்துக்கோ அப்படியொரு பள்ளி மதிப்பெண் பெரும்பாலோரிடம் இராது. ஆதலால் பரீட்சை அங்கே அவசியம், அதன் பெயரால் விலக்கு மட்டும் வேண்டாம். ஸ்பானிஷ் பேசத் தெரிந்தவனை மீண்டும் ஸ்பானிஷ் வகுப்பில் உட்காரவைப்பது வீண். யோபுவின் துயரத்தைப் பதினைந்து வயதில் வாசித்தவன் இருபதில் மறுபடி வாசிப்பதை அவ்வாறு வீண் என்று யாரும் கூறமாட்டார்கள்.

பெற்றோரின் வாதத்தில் உண்மை இல்லாமலும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் சொன்னதையே ஆசிரியர் கல்லூரியில் திருப்பிச் சொன்னால், நன்றாகக் கற்று வந்த பிள்ளை கொட்டாவி விடுவதில் குற்றமென்ன? பரீட்சையில் தேறியவனுக்கு ஏசாயாவின் ஆகமம் ஒன்றையே எபிரேய மூலத்தின் துணையோடு ஒரு பருவம் முழுதும் ஆராயும் வகுப்பைக் கொடுக்கட்டும். அவ்வகுப்பில் பத்துப் பேர் மட்டுமே இருந்தாலும் ஆசிரியரின் சம்பளத்தை ஏற்க வேண்டியது, அந்தப் பாடத்தைக் கட்டாயமாக்கி அதற்குக் கட்டணமும் வாங்குகிற கலாசாலையே.