முன்னணை என்றால் என்ன?

டிசம்பர் மாதம் பிறந்ததும், தில்லி, மும்பை, புணே போன்ற நகரங்களில் குடியேறிய தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களின் வாயிலில் காகித விண்மீன் ஒளிரத் தொடங்குகிறது. குடில் அமைப்பதற்கு வைக்கோல் தேடுகிறார்கள். சமையலறையில் அச்சு முறுக்கு சுடும் இரும்பு அச்சுக்கு எண்ணெய் பூசி வைக்கிறார்கள். குமரி மாவட்டத்திலிருந்து வந்த குடும்பமாயின் முந்திரிக்கொத்தும் உண்டு. சிறுபயற்றை வறுத்துப் பொடித்து, கருப்பட்டிப் பாகும் தேங்காயும் எள்ளும் சேர்த்து உருட்டி, மும்மூன்று உருண்டைகளாக ஒட்டி, அரிசி மாவுக் கரைசலில் தோய்த்துப் பொரித்தெடுக்கும் பண்டம் அது. பக்கத்து வீட்டுப் பஞ்சாபிக் குடும்பத்துக்கும் ஒரு தட்டுப் போகும்.

தில்லியிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளையும் ‘முந்திரிக்கொத்து’ என்பதைப் பிழையின்றிச் சொல்கிறது. ஆண்டுதோறும் உருட்டுகிறது, உண்கிறது, அண்டை வீட்டுக்கு எடுத்துச் செல்கிறது. ஆகவே அச்சொல் அதன் வாயில் நிலைத்துவிட்டது. அதே பிள்ளையிடம் ‘முன்னணை என்றால் என்ன?’ என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் விடை வராது. அச்சொல்லை அது பலமுறை பாடியிருக்கும், படித்திருக்காது.

முன்னணை என்பது மாடுகளுக்குத் தீனி இடும் தொட்டி. இயேசு பிறந்தபோது அவரைத் துணிகளில் சுற்றி முன்னணையில் கிடத்தியதாக, சீர்திருத்தத் திருச்சபையினர் பயன்படுத்தும் பழைய தமிழ் வேதாகமம் சொல்கிறது. கத்தோலிக்கரும் பிறரும் இணைந்து உருவாக்கிய பொது மொழிபெயர்ப்போ ‘தீவனத் தொட்டி’ என்கிறது. பழைய நூலில் ‘சத்திரம்’, புதியதில் ‘விடுதி’. அங்கே ‘சாஸ்திரிகள்’, இங்கே ‘ஞானிகள்’. இரண்டும் நல்ல தமிழே. ஆயினும் சத்திரம் என்னும் சொல்லைக் கேட்டவுடன், வழிப்போக்கர் தங்கிச் செல்லும் திண்ணையும் முற்றமும் நம் கண்முன் வருகின்றன. இந்த வேறுபாட்டை உணர்வதற்குப் பிள்ளை இரண்டு பக்கங்களையும் தானே படிக்க வேண்டும். எடுத்துச் சொல்வதனால் மட்டும் அது விளங்கிவிடாது.

இன்றைய நிலை என்ன? டிசம்பர் இரவுகளில் திருச்சபை இளைஞர்கள் கம்பளித் தொப்பி அணிந்து வீடு வீடாகக் கீத பவனி செல்கிறார்கள். கையில் கைப்பேசி, அதன் திரையில் தமிழ்ப் பாட்டு, ஆனால் ஆங்கில எழுத்தில்! அவ்வெழுத்தில் ‘பாடு’ என்பதும் ‘படு’ என்பதும் ஒன்றுபோலவே தோன்றும். வேறு சிலர் தேவநாகரியில் எழுதி வைத்துக்கொள்கிறார்கள். இந்தி எழுதும் முறையில் குறில் ஒகரமும் இல்லை, ழகரமும் இல்லை. ஆதலால் ‘தொழுவம்’ என்பது ‘தோலுவம்’ ஆகிறது. பாடுவோர் குரலில் பக்தி உண்டு, பொருள் நழுவிவிடுகிறது. இது கிறிஸ்தவ வீடுகளுக்கு மட்டும் உரிய குறை அன்று. மார்கழி விடியலில் திருப்பாவை பாடும் பல வீடுகளிலும் இதைக் காணலாம்.

கிறிஸ்துமஸ் பாடல்களில் ஆங்கிலமே மூலம், தமிழ் வெறும் மொழிபெயர்ப்புத்தானே என்று சிலர் கருதுகின்றனர். இக்கருத்து தவறானது. உலகமெங்கும் பாடப்படும் ‘சைலன்ட் நைட்’ என்னும் பாட்டு ஆங்கிலத்தில் பிறந்ததன்று. 1818ஆம் ஆண்டு ஆஸ்திரியாவில், ஓபெர்ன்டார்ஃப் என்னும் ஊரில் அது முதன்முதலில் ஜெர்மன் மொழியில் பாடப்பட்டது. தமிழரைப் போலவே ஆங்கிலேயரும் அதை மொழிபெயர்த்துத்தான் பாடுகிறார்கள். மேலும், தமிழில் மொழிபெயர்க்காமலே பிறந்த பாடல்கள் எத்தனையோ! இரண்டாம் சரபோஜி மன்னர் காலத்துத் தஞ்சையில் வாழ்ந்த வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) குறவஞ்சி என்னும் நம் இலக்கிய வடிவத்தை எடுத்துப் ‘பெத்லகேம் குறவஞ்சி’ பாடினார். அவருடைய கீர்த்தனைகள் இன்றும் திருச்சபைகளில் ஒலிக்கின்றன. இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவர் வளர்ந்த பின்னர்த் தமிழ் கற்று, சூசையப்பரைத் தலைவராகக் கொண்டு 3615 பாடல்களில் ‘தேம்பாவணி’ இயற்றினார். தமிழ் எழுத்தைப் பத்து வயதுக்குமேல் கற்க இயலாது என்போர் அவரை நினைத்துக்கொள்ளலாம்.

கடையில் வாங்கும் பிளாஸ்டிக் மரத்தின்மேல் பஞ்சைத் தூவிப் பனி என்று சொல்வதை நான் குறைகூறவில்லை. தில்லியில் குளிரும் மூடுபனியும் உண்டு, வெண்பனி பொழிவதில்லை. இருந்தாலும் குழந்தைகளுக்கு அது மகிழ்ச்சி தருகிறது, இருக்கட்டும். ஆனால் அந்த மரத்தை நிறுத்துவதற்குச் செலவிடும் ஒரு மாலைப்பொழுதை வீட்டுப் பாட்டுப் புத்தகத்துக்கும் கொடுக்கலாம் அல்லவா?

‘பிள்ளைகளுக்குப் பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் போதாதா? தமிழையும் வற்புறுத்தினால் ஆலயத்துக்கே வரமாட்டார்கள்’ என்று பெற்றோர் அஞ்சுவதுண்டு. அந்த அச்சத்தில் நியாயம் உண்டு. ஆராதனையில் புரியாத மொழியைக் கேட்டுக்கொண்டு இரண்டு மணி நேரம் அமர்ந்திருப்பது எவருக்கும் கடினமே. அதனாலேயே தொடக்கம் வீட்டில் அமைய வேண்டும் என்கிறேன். இந்திப் பாடல்களை விலக்க வேண்டியதில்லை. அண்டை வீட்டார் வரும் நாளில் அவற்றைத்தான் பாட வேண்டும். திருவருகைக் காலத்தில் நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் உள்ளன. ஞாயிறு ஒன்றுக்கு ஒரே ஒரு கீர்த்தனையைத் தமிழ் எழுத்தில் பார்த்துப் படித்து, தெரியாத சொற்களை ஊரிலுள்ள பாட்டியிடம் தொலைபேசியில் கேட்டறியலாம். மாடு கட்டிய வீட்டில் வளர்ந்த பாட்டியாயின், முன்னணையைப் பற்றி அகராதியைவிட நன்றாகவே சொல்வார்; அந்த மாட்டின் பெயரையும் சேர்த்தே சொல்வார்.

இதைவிடச் சிறிய தொடக்கம் ஒன்றும் உண்டு. டிசம்பர் 31ஆம் நாள் நள்ளிரவு ஆராதனை முடிந்ததும், பல தமிழ்த் திருச்சபைகளில் வாக்குத்தத்த அட்டைகளை ஒரு தட்டில் வைத்து நீட்டுவார்கள். ஒவ்வொருவரும் கண்ணை மூடி ஓர் அட்டையை எடுப்பர். அதில் அச்சிட்டுள்ள வேத வசனமே புத்தாண்டில் அவருக்கு உரிய வாக்கு என்பது நம்பிக்கை. பிள்ளையும் ஆவலோடு ஒன்றை எடுக்கிறது. உடனே அப்பாவிடம் நீட்டிவிடுகிறது. தனக்கென்று வந்த வாக்கைத் தானே படிக்க இயலாமல், வேறொருவர் வாயால் கேட்டு அறிகிறது.

இந்த ஆண்டு, எடுத்தவர்களே படியுங்கள். இரண்டு வரிதான் இருக்கும். எழுத்துக் கூட்டிப் படிக்கச் சற்று நேரம் ஆகலாம். குளிரில் நின்றாலும் அம்மாவும் அப்பாவும் காத்திருப்பார்கள்.