ஆற்றல் காக்கும் நெறி ஆலைத்தளம் வரட்டும்!

மேற்குமலைத் தொடரின் அடிவாரத்தே அண்டைநகர்களாய் அமைந்தவை இராசபாளையமும் திருவில்லிபுத்தூரும். முன்னதில் 1936-இல் தொடங்கிய நூற்பாலைத் தொழில் இன்று பல்கிப் பெருகியுள்ளது. அதனை அடுத்த சத்திரப்பட்டியில் மருத்துவக் கட்டுத்துணி நெய்யப்படுகின்றது. பின்னதில் பால்கோவா அடுப்புகள் எரிகின்றன. இவையனைத்தும் உண்பது ஆற்றல். 2012-ஆம் ஆண்டின் கடும் மின்வெட்டில் தறிகள் நின்ற துயரைத் தமிழகத் தொழிலாளர் மறந்திலர்.

எனினும், கிடைத்த ஆற்றல் வீணாவதைக் காண்பார் சிலரே. ஆலைக் காற்றாடியின் சுழல்விரைவை ஐந்தில் ஒரு பங்கு குறைப்பின், அது உண்ணும் மின் ஏறத்தாழப் பாதியாகும்; மின்தேவை விரைவின் மும்மடியாய் ஏறியிறங்குவதே கரணியம். அழுத்தக்காற்றுக் குழாயில் ஒரு சிறு துளை இருப்பினும் காற்றழுத்தி இரவும் பகலும் வீணே உழைக்கும். பாலில் நூற்றுக்கு 87 பங்களவு நீரே. அதனை ஆவியாக்குதலே அடுப்பின் பணி. அடுப்புச் சுவர் வெடித்திருப்பின் விறகின் வெப்பம் வெளியே போகும்.

நடுவணரசு 2001-இல் ஆற்றல் காப்புச் சட்டம் இயற்றியது. 2012-இல் தொடங்கிய இலக்குத் திட்டத்தில் நெசவுத் துறையும் சேர்க்கப்பெற்றது. ஆயின் அது பேராலைகளையே கட்டுப்படுத்தும். சிற்றாலைக்கும் பொருந்துவது, 2011-இல் வெளிவந்து 2018-இல் திருத்தப்பெற்ற ஐ.எசு.ஓ. 50001 என்னும் பன்னாட்டு ஆற்றல் மேலாண்மை நெறி. அளந்தறிக, மிகுதியாய் உண்ணும் இடத்தைக் காண்க, இலக்கு வைத்துச் செய்க, மீண்டும் அளந்து திருத்துக என்பதே அதன் சாரம். ஒரு கிலோ நூலுக்கு எத்தனை அலகு மின் என நாள்தோறும் எழுதிவரும் ஆலையே தன் இழப்பை அறியும்.

ஆலையின் ஆற்றற் கொள்கையையும் அதில் தம் பங்கையும் பணிசெய்வோர் அறிந்திருத்தல் வேண்டும் என்பதும் அந்நெறியின் ஒரு கூறே. அக்கொள்கையை ஆங்கிலத்தில் அச்சிட்டு அலுவலகச் சுவரில் மாட்டிவிட்டால், துளையின் சீற்றத்தைக் காதாற் கேட்கும் தொழிலாளி அதனை எங்ஙனம் அறிவான்? சான்றிதழ் சுவரில் தொங்கும். காற்றோ துளைவழி ஒழுகும்!

ஆதலின், கொள்கையும் அளவுப் பதிவேடும் பொறிக் குறிப்பும் நல்ல தமிழில் ஆலைத்தளத்தில் நிற்கட்டும். கண்ட குறையைத் தொழிலாளி தன் மொழியில் எழுதட்டும்; எழுதியதை மேலாளர் அன்றே திருத்தட்டும். அறியாதவன் கையில் நெறி வெறுந்தாள். அறிந்தவன் கையில் அதுவே ஆற்றல்!