வளையம் பிடித்தவரும் சான்றிதழ் பெற்றவரும்

மட்டாஞ்சேரி பஜார் சாலையில் ஒரு சரக்கு லாரி கிடங்கை நோக்கிப் பின்வாங்கும்போது அதை ஓட்டுபவர் ஒருவரல்லர், இருவர். ஓட்டுநருக்குத் தெரிவது பக்கக் கண்ணாடி காட்டும் அளவே. எஞ்சியவற்றையெல்லாம் கீழே நிற்கும் கிளீனரின் குரல் காட்டுகிறது. மலையாளி என்றால் ‘போரட்டே, போரட்டே’. தமிழ்நாட்டு வண்டி என்றால் ‘வரட்டும், வரட்டும், லெஃப்ட்ல ஒடி’. சுவருக்கும் வண்டிக்கும் இடையே நான்கு விரற்கடை இருக்கும்போது அவர் உள்ளங்கையால் வண்டியின் பக்கப் பலகையை ஓங்கித் தட்டுகிறார், வண்டி நிற்கிறது. வண்டியின் நீளம், பின் சக்கரங்களுக்கு அப்பால் நீட்டிக்கொண்டிருக்கும் உடற்பகுதி, திருப்பத்தில் அது எடுத்துக்கொள்ளும் இடம் ஆகியவற்றை ஓட்டுநர் இருக்கையில் அமர்வதற்குப் பல ஆண்டுகள் முன்பே அவர் அறிந்துவிடுகிறார்.

இந்தக் கல்விக்கு மலையாளத்தில் தனிச் சொற்றொகுதியே உண்டு. கற்பிப்பவர் ‘ஆசான்’. கூடவே தொற்றிக்கொண்டு செல்லும் உதவியாள் ‘கிளி’. வண்டி ஓட்டுவது ‘வளையம் பிடிப்பது’. தேர்ச்சி வந்துவிட்டால் ‘கை தெளிஞ்ஞு’ என்பர். தமிழில் ‘கை பழகிவிட்டது’ என்பதற்கு மிக அருகில் நிற்கும் தொடர் அது. இச்சொற்கள் எதிலும் பள்ளி இல்லை. சட்டத்திலோ பள்ளி மட்டுமே இருக்கிறது. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிக்குச் செல்லாமல் கனரக வாகன உரிமம் பெற இயலுமா என்ற கேள்வி இந்த இடைவெளியிலிருந்தே எழுகிறது. ‘இயலாது’ என்ற சட்டத்தின் விடை தெளிவானது. அது நியாயமான விடையா என்பதே ஆராயத்தக்கது.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி போக்குவரத்து வாகனம் ஓட்ட 20 வயது நிறைந்திருக்க வேண்டும். இலகுரக வாகன உரிமம் பெற்று ஓராண்டு கழிந்த பின்னரே அதற்கான பழகுநர் உரிமம் கிடைக்கும். அதன்பின் 9ஆம் பிரிவின் 4ஆம் உட்பிரிவு வருகிறது: அரசு உரிமம் பெற்ற பயிற்சிப் பள்ளியின் சான்றிதழ் இல்லாதவருக்குப் போக்குவரத்து வாகனம் ஓட்டும் அனுமதி இல்லை. அச்சான்றிதழ் மத்திய மோட்டார் வாகன விதிகளில் படிவம் 5 எனப்படுகிறது. குறைந்தது 30 நாள் பயிற்சியையும், அதற்குள் 15 மணி நேரம் வண்டியோட்டுவதையும் விதிகள் கோருகின்றன.

வியப்பு என்னவெனில், அதே விதிகளின் தொடக்கத்திலேயே இதற்கு முரணான ஓர் இடம் இருக்கிறது. பழகுநர் உரிமம் வைத்திருப்பவர், அவ்வகை வண்டிக்குரிய உரிமம் உள்ள ஒருவர் வண்டியைக் கட்டுப்படுத்தக்கூடிய இடத்தில் உடன் அமர்ந்திருக்கச் சாலையில் ஓட்டலாம் என்கிறது 3ஆம் விதி. அதாவது, பழகுநர் உரிமம் பெற்ற கிளீனர் தம் ஆசானின் பக்கத்தில் அமர்ந்து கொச்சியிலிருந்து வாளையார் வரை ஓட்டிப் பழகுவது சட்டப்படியான கற்றலே. ஆனால் அந்தக் கற்றல் சான்றாகாது. கற்க அனுமதிக்கும் சட்டம், கற்றதைக் கணக்கில் கொள்ள மறுக்கிறது. ஆறு மாதம் மலைப்பாதையிலும் நெடுஞ்சாலையிலும் ஓட்டியவர், இறுதியில் 15 மணி நேரத்துக்கான தாளை வாங்க ஒரு பள்ளியின் படியேற வேண்டியிருக்கிறது.

இந்நிலையில் அத்தாள் என்னவாகும் என்பதை ஊகிக்கப் பெரிய ஆய்வு தேவையில்லை. ஓட்டத் தெரிந்தவர் பள்ளியில் அமர்ந்து காலம் கழிக்க விரும்புவதில்லை. பள்ளிக்கும் டீசல் மிச்சம். கட்டணம் கைமாறுகிறது, பதிவேட்டில் பெயர் ஏறுகிறது, 30 நாள் கழித்துச் சான்றிதழ் வருகிறது. எல்லாப் பள்ளிகளும் இப்படி என்பது அவதூறு. ஆயினும் இந்த வழக்கம் எவரும் அறியாத ஒன்று எனப் பாசாங்கு செய்வதும் ஆய்வு நேர்மையாகாது. இதில் கேடு இரட்டிப்பானது. ஓட்டத் தெரிந்தவருக்கு அத்தாள் ஒரு வரி. ஓட்டத் தெரியாதவருக்கோ அதே தாள் அதே விலையில் கிடைக்கக்கூடிய ஒரு முகமூடி.

மட்டாஞ்சேரிக்கு இவ்வகை வில்லைகளின் நினைவு உண்டு. கொச்சித் துறைமுகத்தில் நிலவிய ‘சாப்பா’ முறையில், மூப்பன்மார் உலோக வில்லைகளைத் தொழிலாளர் கூட்டத்தின்மீது வீசுவர். முண்டியடித்துக் கைப்பற்றியவருக்கே அன்றைய வேலை. அம்முறைக்கு எதிரான போராட்டத்தின்போது, 1953 செப்டம்பர் 15 அன்று இங்கே துப்பாக்கிச் சூடு நடந்தது. 2023இல் வெளியான ராஜீவ் ரவியின் ‘துறமுகம்’ திரைப்படம் அவ்வரலாற்றையே பேசுகிறது. படிவம் 5ஐச் சாப்பாவோடு சமப்படுத்துவது மிகை. சாப்பாவுக்குப் பின்னால் பொதுநலன் எதுவும் இல்லை, படிவம் 5க்குப் பின்னால் இருக்கிறது. ஒரே ஓர் ஒற்றுமை மட்டும் கவனிக்கத்தக்கது: இரண்டிலும் வேலைக்கு வழிவிடுவது உழைப்பவரின் திறனன்று, அவர் கையிலுள்ள பொருள்.

அந்தப் பொதுநலனை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆசான் மரபைப் போற்றிப் பேசுவோர் பெரும்பாலும் மறந்துவிடும் பகுதி இது. இந்தியச் சாலைகளில் 2023ஆம் ஆண்டில் மட்டும் 1.7 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஆசானிடமிருந்து கிளீனர் கற்பது திறமையை மட்டுமன்று. இறக்கத்தில் டீசல் சேமிக்க நியூட்ரலில் விடுவதையும், தூக்கத்தைப் புகையிலையால் வெல்வதையும், அளவுக்கு மீறிய பாரத்தை இயல்பெனக் கொள்வதையும் அவர் அதே இருக்கையில்தான் கற்கிறார். ஏர் பிரேக்கில் காற்றழுத்தம் குறைந்தால் என்ன நிகழும் என்பது பட்டறிவால் தெரியவரும் என்றால், அந்த முதல் பட்டறிவின்போது எதிரில் வரும் இருசக்கர வாகனக்காரரின் கதி என்ன? தவிரவும், கிளீனர்கள் பலர் கை பழகுவது பழகுநர் உரிமத்தோடு அன்று. நள்ளிரவில், ஆசான் பின்னிருக்கையில் உறங்கும்போது அவர்கள் வளையம் பிடிக்கிறார்கள். அது 3ஆம் விதி சொல்லும் கல்வியன்று; உறக்கம் கெட்ட ஒருவரின் வேலையை உரிமமற்ற ஒருவர்மீது ஏற்றுவது. விபத்து நேர்ந்தால், காப்பீட்டு நிறுவனம் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு கொடுத்துவிட்டு அத்தொகையை வண்டி உரிமையாளரிடம் வசூலிக்க நீதிமன்றங்கள் வழிவிடுகின்றன. ஒற்றை லாரி உரிமையாளர் ஒருவரை அழிக்க அது போதும்.

ஆகவே ‘பள்ளி வேண்டாம்’ என்பது விடையாகாது. கேட்க வேண்டியது, பள்ளியைத் தவிர வேறெந்த அறிவையும் சட்டம் ஏன் அறிவாக ஏற்கவில்லை என்பதே. வேறொரு விதி இதைக் கூர்மையாகக் காட்டுகிறது. பயிற்சிப் பள்ளியின் ஆசிரியர் பத்தாம் வகுப்புத் தேறியிருக்க வேண்டும். ஐந்தாண்டு ஓட்டுநர் அனுபவத்தோடு மோட்டார் இயக்கவியலில் சான்றிதழும் வேண்டும் என்கிறது 24ஆம் விதி. முப்பது ஆண்டு லாரி ஓட்டிய, ஏழாம் வகுப்போடு நின்ற ஆசான் எவருக்கும் சான்றளிக்க முடியாது. படிவம் 5இல் பள்ளியில் சேர்ந்த நாளுக்கும் பதிவேட்டு எண்ணுக்கும் இடமுண்டு. சாலையில் கற்பித்தவரின் பெயருக்கு இடமில்லை.

சட்டம் அசையாதது என்று கருதவும் வேண்டியதில்லை. போக்குவரத்து வாகன ஓட்டுநருக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சி கட்டாயம் என்ற நிபந்தனை 2019இல் நீக்கப்பட்டது. மேவாத் பகுதியில் படிப்பற்ற, ஆனால் வண்டியோட்டத்தையே வாழ்வாகக் கொண்ட மக்களுக்காக ஹரியாணா அரசு வைத்த கோரிக்கை அதற்கு ஒரு தூண்டுதல். எழுத்தறிவு வேறு, ஓட்டும் திறன் வேறு என அன்று ஒப்புக்கொள்ளப்பட்டது. ஆனால் அதே திருத்தம் பள்ளிச் சான்றிதழைத் தொடவில்லை.

அடுத்த அசைவு நீதிமன்றத்திலிருந்து வந்தது. 2024 நவம்பர் 6 அன்று, பஜாஜ் அலையன்ஸ் எதிர் ரம்பா தேவி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு, இலகுரக வாகன உரிமம் உள்ளவர் மொத்த எடை 7,500 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டியைத் தனி ஒப்புதலின்றி ஓட்டலாம் எனத் தீர்ப்பளித்தது. 2017ஆம் ஆண்டு முகுந்த் தேவாங்கன் தீர்ப்பின் நிலைப்பாடே இதனால் உறுதியாயிற்று. இத்தகைய ஓட்டுநர்களால் விபத்து பெருகியது என்பதற்குத் தரவு எதுவும் முன்வைக்கப்படவில்லை என்பதையும் அமர்வு சுட்டிக்காட்டியது. வாழ்வாதாரத்தின் பக்கம் நின்ற நல்ல தீர்ப்பு. அதன் விளைவு மட்டும் விசித்திரமானது. சொந்தக் கார் ஓட்டும் உரிமத்துக்குப் பள்ளிச் சான்றிதழ் கட்டாயமில்லை. எனவே நேற்று வரை காரன்றி வேறெதையும் தொடாதவர், இன்று ஏழு டன் எடையுள்ள வண்டியோடு பஜார் சாலைக்குள் நுழையலாம். பத்தாண்டு கிளீனராக இருந்தவர் எட்டு டன் வண்டியைத் தொட முப்பது நாள் பள்ளி வேண்டும். எல்லைக்கோடு எங்கேனும் இருந்தாக வேண்டும் என்பது உண்மையே. ஆனால் கோட்டின் இருபுறமும் கற்றல் பற்றிய கருத்தே இவ்வளவு மாறிப்போவது வெறும் எடைப் பிரச்சினையன்று.

பிரிட்டனில் லாரி ஓட்டக் கற்பதற்குப் பள்ளி கட்டாயமில்லை. தகுதியுள்ள ஓட்டுநர் ஒருவரின் மேற்பார்வை போதும். அதற்கு ஈடாகத் தேர்வு கடுமையானது. தேர்வுக்கு வரும் வண்டியில் உண்மையான பாரம் இருக்க வேண்டும். நீர் நிரப்பிய பெருந்தொட்டிகள் ஏற்றப்படுகின்றன. அமெரிக்காவில் 2022 பிப்ரவரி 7 முதல் பதிவு பெற்ற பயிற்சியாளரிடம் கற்பது கட்டாயம். எனினும் வேலை தரும் நிறுவனமே பயிற்சியாளராகப் பதிந்துகொள்ளலாம், குறைந்தபட்ச மணிக்கணக்கும் இல்லை. தளர்வு மிகுதி என்ற குறை அங்கும் உண்டு. ஜெர்மனியில் மூன்றாண்டுத் தொழிற்பயிற்சியாகவே இது கற்பிக்கப்படுகிறது. வேலையிடமும் பள்ளியும் ஒரே பாடத்தின் இரு பாதிகள். இந்தியாவோ 2021 முதல் எதிர்த்திசையில் நடக்கிறது. அங்கீகாரம் பெற்ற ஓட்டுநர் பயிற்சி மையத்தில் ஆறு வாரங்களில் 38 மணி நேரம் பயின்றவருக்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத் தேர்விலிருந்தே விலக்கு. முன்பு பள்ளியும் வேண்டும், தேர்வும் வேண்டும். இனி நல்ல பள்ளி இருந்தால் தேர்வு வேண்டாம். நல்ல தேர்வு இருந்தால் பள்ளி வேண்டாம் என்ற மறுபாதி எண்ணப்படவேயில்லை.

செய்யக்கூடியது பெரிதொன்றும் அன்று. பழகுநர் உரிமத்தோடு ஒரு பயணப் பதிவேடு. ஒவ்வொரு ஓட்டத்தையும் உடனிருந்த ஓட்டுநர் தம் உரிம எண்ணோடு அதில் குறித்துக் கையொப்பமிட வேண்டும். பொய்க் கையொப்பத்துக்கு அவர் உரிமமே பிணை. இப்பதிவேடு உள்ளவர், சாலை கற்பிக்காதவற்றை மட்டும் சில நாள் பள்ளியில் கற்கட்டும்: பிரேக் அமைப்பு, பாரத்தைப் பகிர்ந்து ஏற்றுதல், ஓய்வு நேரக் கணக்கு, முதலுதவி. பின்னர் பாரம் ஏற்றிய வண்டியில், நெரிசலான தெருவில் தேர்வு. கேரள அரசுப் போக்குவரத்துக் கழகம் 2024இல் தன் சொந்தப் பயிற்சிப் பள்ளியைத் திருவனந்தபுரத்தில் தொடங்கிவிட்டது. இக்குறுகிய பாடத்தைத் தர அதுபோன்ற பொதுத்துறைப் பள்ளிகளே பொருத்தமானவை.

காலமும் குறைவு. செலவைக் குறைக்கக் கிளீனர் இன்றி ஓட்டுநர் தனியாகவே செல்லும் லாரிகள் பெருகுகின்றன. நாமக்கல், சங்ககிரி வட்டாரங்களில் கிளீனராகத் தொடங்கி, ஓட்டுநராகி, பின் சொந்த வண்டி வாங்கியவர்கள் வந்த வழி அது. மட்டாஞ்சேரிக் கிடங்குகளுக்கு வரும் வண்டிகளிலும் பல வேளை இடப்பக்க இருக்கையில் ஆளில்லை. ஓட்டுநரே கீழே இறங்கி, பின்னால் சென்று சுவரைப் பார்த்துவிட்டு, மீண்டும் ஏறி அமர்கிறார்.